"சிங்கிள் ஓனர்" என்று வாயால் சொன்னது ஒப்பந்தத்தில் சேருமா?

வண்டிக்காரன் | 3 பிப்ரவரி 2025, இரவு 9.12

பழைய கார் விற்கும் கடையில் வண்டி எடுத்து மூன்று வாரம் ஆகிறது. "சிங்கிள் ஓனர், 42,000 தான் ஓடியிருக்கு, அடிபடாத வண்டி, சும்மா தங்கம் சார்" என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். 4,80,000 கொடுத்தேன். ஆர்.சி. என் பெயருக்கு மாறி வந்த பிறகு பார்த்தால் நான் நாலாவது ஓனர். டெலிவரி நோட்டில் வண்டி எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி. வேறொன்றும் இல்லை. எழுத்தில் இல்லாத எதையும் கேட்க முடியாது என்கிறார் தெரிந்த வக்கீல். அப்படித்தானா?

ஷரத்துப்பூச்சி | 3 பிப்ரவரி, இரவு 10.40

பாதிதான் சரி. அவர்கள் ஒரே மூச்சில் சொன்ன நாலு விஷயத்துக்கும் சட்டத்தில் ஒரே கதி இல்லை.

"சும்மா தங்கம்" என்பது வியாபாரப் புகழ்ச்சி. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "சிங்கிள் ஓனர்" சரிபார்க்கக்கூடிய தகவல். அது ஒப்பந்தத்தின் ஷரத்தாகவே ஆகியிருக்கலாம், அல்லது உங்களைக் கையெழுத்துப் போட வைத்த ரெப்ரசன்டேஷனாக, அதாவது ஒப்பந்தத்துக்கு முன் சொன்ன தகவலாக, வெளியே நிற்கலாம். "42,000" அப்படியே. "அடிபடாத வண்டி" கொஞ்சம் வழவழா. பம்பர் உரசியதும் அடி, சேஸிஸ் வளைந்ததும் அடி.

எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பது ஏட்டுச் சண்டை இல்லை, கையில் கிடைப்பது அதைப் பொறுத்தது. கண்டிஷன் (ஒப்பந்தத்துக்கே அடிப்படையான ஷரத்து) மீறப்பட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். வாரண்டி (துணை ஷரத்து) என்றால் வண்டி உங்களுடையதுதான், நஷ்ட ஈடு மட்டும். ரெப்ரசன்டேஷன் பொய்த்தால் ஒப்பந்தச் சட்டம் 19-வது பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். புகழ்ச்சி என்றால் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஷரத்துப்பூச்சி | 3 பிப்ரவரி, இரவு 11.05

மேலே ஒன்று விட்டுப்போனது. வக்கீல் சொன்னது எங்கிருந்து வருகிறதென்றால், பழைய சாட்சியச் சட்டம் 92-வது பிரிவு. இப்போது 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 95. எழுத்தில் உள்ளதற்கு முரணாகவோ, அதைக் கூட்டிக் குறைத்தோ வாய்மொழிச் சாட்சி கூடாது. ஆனால் அந்தப் பிரிவுக்குக் கீழேயே வால்கள் தொங்குகின்றன. முதல் வால்: மோசடி போல ஆவணத்தையே செல்லாததாக்கும் விஷயத்துக்கு வாய்மொழிச் சாட்சி தாராளமாக வரலாம். இரண்டாவது: ஆவணம் மௌனமாக இருக்கும் விஷயத்தில், அதற்கு முரணில்லாத தனி வாய்மொழி உடன்பாட்டைக் காட்டலாம். உங்கள் டெலிவரி நோட் ஓனர் எண்ணிக்கை பற்றி மூச்சே விடவில்லை. அது உங்களுக்கு நல்லது. ஒப்பந்தம் எவ்வளவு முறையானதாக, முழுமையானதாக எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் கோர்ட் பார்க்கும். நாலு எண்ணும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் கொண்ட துண்டுச்சீட்டை முழு ஒப்பந்தம் என்று வாதாடுவது சிரமம்.

கெடு | 4 பிப்ரவரி, காலை 7.30

ஷரத்தா, வெளியே சொன்ன வார்த்தையா என்று எப்படிப் பிரிப்பது? ஜட்ஜின் மூடைப் பொறுத்தா?

ஷரத்துப்பூச்சி | 4 பிப்ரவரி, காலை 8.50

சொன்னவரின் மனசைத் தோண்டுவதில்லை. வெளியிலிருந்து பார்க்கும் நியாயமான ஆளுக்கு அது வாக்குறுதியாகப் பட்டதா என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தின் இரண்டு கார் வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளங்கிவிடும்.

ஆஸ்கர் செஸ் எதிர் வில்லியம்ஸ், 1957. தனி ஆள் ஒருவர் தன் மோரிஸ் காரைக் கார் வியாபாரியிடம் 1948 மாடல் என்று சொல்லி 290 பவுண்டு கணக்கில் தள்ளுகிறார். உண்மையில் 1939 மாடல். லாக் புத்தகத்தில் (நம் ஆர்.சி. மாதிரி) முன்னாடியே யாரோ கைவைத்திருக்கிறார்கள், இவருக்குத் தெரியாது. கோர்ட்: இது ஷரத்து இல்லை. கண்டுபிடிக்கும் வசதி வியாபாரிக்குத்தான் அதிகம்.

டிக் பென்ட்லி எதிர் ஹரால்ட் ஸ்மித், 1965. இங்கே விற்பவர் வியாபாரி. இன்ஜின் மாற்றிய பிறகு 20,000 மைல்தான் ஓடியது என்கிறார். உண்மை ஒரு லட்சத்துக்குப் பக்கம். கோர்ட்: இது ஷரத்து. வண்டியின் வரலாறைத் தெரிந்துகொள்ளும் இடத்தில் இருந்தவர் அவர்.

வண்டிக்காரன், நீங்கள் இரண்டாவது வழக்கில் நிற்கிறீர்கள். விற்றது கடை, கையில் ஆர்.சி. வைத்திருந்ததும் கடை.

இன்னொரு அடையாளம், வாங்குபவர் அந்த விஷயத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்துக் கேட்டார் என்பது. 1861-இல் பானர்மன் எதிர் ஒயிட். பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் வாங்க வந்தவர், கந்தகம் போட்டதா என்று முதலில் கேட்கிறார். போட்டிருந்தால் விலைகூடக் கேட்க மாட்டேன் என்கிறார். இல்லை என்று பதில். 300 ஏக்கர் விளைச்சலில் வெறும் 5 ஏக்கருக்குக் கந்தகம் அடித்திருந்தது, எல்லாம் கலந்துவிட்டது. மொத்தத்தையும் நிராகரிக்கலாம் என்று தீர்ப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "எதற்கும் ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்த்துக்குங்க" என்று விற்பவர் சொல்லியிருந்தால் அது ஷரத்தாகும் வாய்ப்பு குறைகிறது. "பார்க்கவே வேண்டாம், நான் பொறுப்பு" என்றால் கூடுகிறது. அந்த ஒரு வாக்கியத்தை உங்களிடம் எப்படிச் சொன்னார்கள் என்று யோசித்து, மறப்பதற்கு முன் எழுதி வையுங்கள்.

வண்டிக்காரன் | 4 பிப்ரவரி, மதியம் 1.15

"ஆர்.சி.யைக் காட்டுங்க" என்று நான் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது. ஷரத்து, ரெப்ரசன்டேஷன் எதுவாக இருந்தாலும் பணம் திரும்பினால் சரி.

ஷரத்துப்பூச்சி | 4 பிப்ரவரி, இரவு 9.20

அந்த உறுத்தல்தான் இந்த வழக்கின் முடிச்சு. "எதுவாக இருந்தாலும்" என்று விட முடியாததும் அதனால்தான்.

19-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தவறான தகவலாலோ மோசடியான மௌனத்தாலோ சம்மதம் பெறப்பட்டிருந்தாலும், சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால் ரத்து செய்ய முடியாது. ஓனர் வரிசை எண் ஆர்.சி.யிலேயே இருக்கிறது. அரசின் வாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டாலும் வருகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும் பிடிப்பது இதைத்தான்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, தெரிந்தே சொன்ன பொய். அந்த விதிவிலக்கு, மோசடி எது என்று சொல்லும் 17-வது பிரிவின் மௌனத்தைத் தொடுகிறதே தவிர, வாய் திறந்து சொன்ன பொய்யைத் தொடுவதில்லை. ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு "சிங்கிள் ஓனர்" என்ற கடைக்கு அது பொய் என்று தெரியாது என்று யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாவது, அது ஷரத்து என்று நிறுவுவது. ஷரத்து மீறலுக்கு "நீ ஏன் பார்க்கவில்லை" என்ற கேள்வியே எழாது; வாக்குக் கொடுத்தவர் வாக்கைக் காப்பாற்றினாரா என்பது மட்டும்தான்.

மீட்டர் விஷயத்தில் இந்தச் சிக்கல் குறைவு. ஓடோமீட்டரைத் திருப்பியிருந்தால் சாதாரண ஆள் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி எடுத்துப் பாருங்கள். 2021-லேயே 60,000 என்று ஒரு பில் இருந்தால் அந்த ஒரு தாள் போதும். அடிபட்டதற்கு இன்சூரன்ஸ் பாலிசியின் நோ கிளெய்ம் போனஸ் சதவீதம் ஒரு துப்பு. ஐந்து வருட வண்டிக்கு அது சுழியம் என்றால் கிளெய்ம் நடந்திருக்கலாம்.

ஷரத்துப்பூச்சி | 4 பிப்ரவரி, இரவு 9.50

"உள்ளது உள்ளபடி" பற்றி. சரக்கு விற்பனைச் சட்டம் 1930, 62-வது பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது: சட்டம் தானாகச் சேர்க்கும் ஷரத்துகளை வெளிப்படையான உடன்பாட்டால் விலக்கலாம். 16-வது பிரிவின் தரம், பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருத்தல் ஆகியவற்றை இது அடிக்கும். கிளட்ச் தேய்ந்திருக்கிறது, ஏசி குளிரவில்லை என்று போனால் அந்த வரியைக் காட்டுவார்கள். பொய்க்கு அது கேடயம் ஆகாது.

கெடு | 5 பிப்ரவரி, காலை 7.10

இவ்வளவு பாடு எதற்கு? ஒப்பந்தம் எழுதும்போதே "கீழ்க்கண்ட அனைத்தும் நிபந்தனைகள்" என்று போட்டுவிட்டால் முடிந்தது.

ஷரத்துப்பூச்சி | 5 பிப்ரவரி, காலை 9.00

முடியாது. சரக்கு விற்பனைச் சட்டம் 12(4): வாரண்டி என்று பெயர் வைத்தாலும் அது கண்டிஷனாக இருக்கலாம். பெயர்ப்பலகையை நம்பாதே என்பது கட்டளை. எதிர்த்திசையிலும் இதே கதைதான். ஷுலர் எதிர் விக்மன், பிரபுக்கள் சபை (அன்றைய பிரிட்டனின் உச்ச மன்றம்), 1974. விற்பனை ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஆறு கம்பெனிகளை வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது "கண்டிஷன்" என்றே எழுதியிருந்தது. நாலரை வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1,400 சந்திப்பு. அதில் ஒன்று தவறினாலும் ஒப்பந்தத்தையே முறிக்கலாம் என்று யாரும் நினைத்திருக்க முடியாது என்று சொல்லி, அந்த வார்த்தைக்கு அவ்வளவு கனம் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

பெயர் வைப்பதை விட்டுவிட்டு விளைவை எழுதுங்கள். காருக்கு என்றால் இப்படி: "இவ்வாகனத்திற்கு இதுவரை ஒரே உரிமையாளர் என்றும், ஓடியுள்ள தூரம் 42,000 கி.மீ. என்றும் விற்பவர் உறுதி கூறுகிறார். இதில் எது தவறென்று தெரியவந்தாலும், வாங்குபவர் 30 நாட்களுக்குள் வாகனத்தைத் திருப்பி ஒப்படைத்து முழு விலையையும், பெயர் மாற்றச் செலவையும் 7 நாட்களுக்குள் பெற்றுக்கொள்ள உரிமையுண்டு." ஐந்து நிமிஷ வேலை. கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவே ஒரு தகவல்.

ஹார்பர் | 5 பிப்ரவரி, மாலை 6.30

கப்பல் பக்கம் மூன்றாவது ஜாதி ஒன்று உண்டே, கண்டிஷனும் இல்லை வாரண்டியும் இல்லை என்று?

ஷரத்துப்பூச்சி | 5 பிப்ரவரி, இரவு 10.15

உண்டு. ஹாங்காங் ஃபிர், 1962. 24 மாதத்துக்கு வாடகைக்கு எடுத்த கப்பல். இன்ஜின் கிழடு, இன்ஜின் ரூம் ஆட்கள் திறமையற்றவர்கள், பல வாரங்கள் ரிப்பேரிலேயே கிடந்தது. கப்பல் கடலுக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற ஷரத்து மீறப்பட்டது உண்மை. ஆனால் தகுதி என்றால் ஒரு ஆணி கழன்றதும் சேரும், அடிப்பலகை பிளந்ததும் சேரும். ஆகவே முன்கூட்டியே ஜாதி பிரிக்காமல், மீறலால் என்ன பாதிப்பு என்று பார்க்கச் சொன்னது கோர்ட். ஒப்பந்தத்தின் முழுப் பயனும் கிட்டத்தட்டப் பறிபோனால் முறிக்கலாம். இல்லையென்றால் நஷ்ட ஈடு. அங்கே பதினேழு மாதம் மீதியிருந்ததால் முறித்தது தவறு என்று ஆனது. தவறாக முறித்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள், பில் உங்களுக்கு வரும்.

இதற்கு நேர் எதிரான கொடுமை ஆர்கோஸ் எதிர் ரோனாசன், 1933. பீப்பாய் செய்ய அரை அங்குலக் கனத்தில் மரப்பலகை ஆர்டர். வந்ததில் பெரும்பாலானவை அரைக்குச் சற்று மேல், 9/16 வரை. பீப்பாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மர விலை இறங்கிவிட்டது. வாங்கியவர் வர்ணனைக்குப் பொருந்தவில்லை என்று மொத்தத்தையும் தள்ளினார். ஜெயித்தார். அளவு எழுதும்போது "ஏறக்குறைய", "5 சதவீதம் கூடுதல் குறைவு ஏற்கப்படும்" என்று சேர்ப்பது எதற்கென்று இப்போது தெரியும்.

கெடு | 6 பிப்ரவரி, காலை 7.05

என் பெயருக்கு ஏற்ற கேள்வி. நிலக் கிரய அக்ரிமென்டில் "6 மாத கெடுவுக்குள் பாக்கித் தொகை செலுத்தி கிரயம் செய்துகொள்ள வேண்டியது, தவறினால் முன்பணத்தை இழந்துவிட வேண்டியது" என்று எல்லோரும் எழுதுகிறோம். அந்தக் கெடு கண்டிஷனா?

ஷரத்துப்பூச்சி | 6 பிப்ரவரி, இரவு 8.40

காரிலிருந்து நிலத்துக்கு வந்துவிட்டோம். பரவாயில்லை, தமிழ்நாட்டு வழக்குகளே இருக்கின்றன.

ஒப்பந்தச் சட்டம் 55-வது பிரிவு: காலம் ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்பது இரு தரப்பின் எண்ணமாக இருந்தால், கெடு தாண்டியதும் மற்றவர் முறிக்கலாம். இல்லையென்றால் தாமதத்துக்கு நஷ்ட ஈடு மட்டும். அசையாச் சொத்தில் காலம் உயிர்நாடி இல்லை என்பது பழைய அனுமானம். அதை நம்பித்தான் முன்பணம் கொடுத்துவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர்.

வித்யானாதம் எதிர் வைரவன், உச்ச நீதிமன்றம், 1997. மதுரை வீடு. விலை 60,000, முன்பணம் 5,000, டிசம்பர் 1978-இல் ஒப்பந்தம், ஆறு மாதம் கெடு. வாங்குபவர் வழக்குப் போட்டது இரண்டரை வருஷம் கழித்து. அதற்குள் விலை எகிறிவிட்டது. நகரத்துச் சொத்து விலை ஏறும் வேகத்தில் பழைய அனுமானத்தைத் தளர்த்த வேண்டும் என்று சொல்லி, கிரயம் செய்து கொடுக்க உத்தரவிட மறுத்தது கோர்ட்.

சாரதாமணி கந்தப்பன் எதிர் ராஜலட்சுமி, 2011, இன்னும் கூர்மை. ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு விதமான காலம். பாக்கித் தொகைத் தவணைகளுக்குத் தேதி குறித்திருந்தது. கிரயப் பதிவு வாங்குபவரின் சௌகரியப்படி. பதிவுக்குக் காலம் உயிர்நாடி இல்லை, பணம் கட்டுவதற்கு உயிர்நாடிதான் என்று பிரித்துச் சொல்லியது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், எந்தக் கெடு என்பதைப் பொறுத்தது. பணத்துக்கு ஒரு வரி, பதிவுக்கு ஒரு வரி, தனித்தனியாக எழுதுங்கள்.

முன்பணம் இழப்பு: 74-வது பிரிவு. எழுதிய தொகை உச்சவரம்பு, தானாகக் கிடைக்கும் தொகை அல்ல. ஃபதே சந்த் வழக்கிலிருந்து (1963) இதுதான் நிலை. 50 லட்சம் நிலத்துக்கு 25 லட்சம் வாங்கிக்கொண்டு அதையும் "முன்பணம்" என்று பெயரிட்டுச் சுருட்டப் பார்த்தால் கோர்ட் அதை விலையின் பகுதியாகத்தான் பார்க்கும்.

ஷரத்துப்பூச்சி | 6 பிப்ரவரி, இரவு 9.05

மேலே சொன்னதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு ரகம்: "வங்கிக் கடன் கிடைத்தால்", "பட்டா மாறினால்". இது வாக்குறுதி இல்லை, நடந்தால்தான் கடமை தொடங்கும் என்ற நிகழ்வு. ஒப்பந்தச் சட்டத்தில் 31 முதல் 36 வரை உள்ள பிரிவுகள். கடன் கிடைக்கவில்லை என்றால் யாரும் ஒப்பந்தத்தை மீறவில்லை. ஒப்பந்தம் அங்கேயே அணைந்துவிடுகிறது. நடைமுறையில் தகராறு மூன்று இடத்தில் வருகிறது: எந்த வங்கி, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள். "எந்தவொரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியிலும் ரூ.30 லட்சத்துக்குக் குறையாத கடன் 45 நாட்களுக்குள் எழுத்துமூலம் அனுமதிக்கப்படாவிட்டால் முன்பணம் முழுவதும் 15 நாட்களுக்குள் திருப்பித் தரப்படும்" என்று எழுதினால் சண்டைக்கு இடமில்லை. கடன் மனுவே போடாமல் "கிடைக்கலை" என்று சொல்பவரைத் தடுக்க, ஒப்பந்தத் தேதியிலிருந்து 7 நாளில் மனு போட வேண்டும் என்றும் ஒரு வரி.

ஹார்பர் | 7 பிப்ரவரி, காலை 10.00

அக்ரிமென்ட் பதிவாகவில்லை என்றால் இதெல்லாம் வெற்றுத்தாள்தானே? 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய அக்ரிமென்டைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும்.

ஷரத்துப்பூச்சி | 7 பிப்ரவரி, மதியம் 12.30

பதிவு கட்டாயம்தான். வெற்றுத்தாள் இல்லை. ஹேமலதா எதிர் கஸ்தூரி, உச்ச நீதிமன்றம், 2023: தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகும், பதிவுச் சட்டம் 49-வது பிரிவின் வரம்பு விதிப்படி, பதிவாகாத அக்ரிமென்டைக் கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம். ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். வில்லங்கச் சான்றில் ஏறும், இன்னொருத்தருக்கு விற்பது கஷ்டமாகும்.

வண்டிக்காரன் | 8 பிப்ரவரி, காலை 8.15

நில ஆட்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டால், என் கார்?

ஷரத்துப்பூச்சி | 8 பிப்ரவரி, காலை 9.45

வரிசையாக.

இன்றே வண்டியை நிறுத்துங்கள். சரக்கு விற்பனைச் சட்டம் 42: நிராகரிக்கிறேன் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஏற்றுக்கொண்டால் 13(2)-இன்படி கண்டிஷன் மீறலும் வாரண்டி மீறலாகச் சுருங்கி நஷ்ட ஈடு மட்டும்தான் மிஞ்சும். ஆர்.சி. மாற்றியதையும் ஏற்றதற்கு அடையாளமாகக் காட்டுவார்கள். "குறிப்பிட்ட பொருளின் உரிமை கைமாறிவிட்டது, அதனால் நிராகரிக்க முடியாது" என்று யாராவது பழைய புத்தகத்தைக் காட்டினால், அந்தச் சொற்கள் 1963 திருத்தத்திலேயே நீக்கப்பட்டுவிட்டன என்று சொல்லுங்கள்.

போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ். சொன்ன மூன்று தகவல், சொன்ன தேதி, பொய் என்று தெரிந்த தேதி, வண்டியை நிராகரிக்கிறேன், 15 நாளில் பணம் தந்து எடுத்துச் செல்லவும், இல்லையேல் மாற்றாக விலை வித்தியாசம் கோருவேன். 43-வது பிரிவின்படி வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டிய கடமை உங்களுக்கில்லை. நிராகரித்ததைத் தெரிவித்தால் போதும்.

ஆன்லைன் விளம்பரத்தில் "ஃபர்ஸ்ட் ஓனர்" என்று போட்டிருந்தால் இப்போதே படம் பிடியுங்கள், நோட்டீஸ் போனதும் அழித்துவிடுவார்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து வையுங்கள், போனை விற்காதீர்கள். இந்த மின்னணுச் சாட்சியங்களுக்கு சாக்ஷிய அதிநியமம் 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும்.

விலை வித்தியாசக் கணக்கில் எந்தப் பெட்டி என்பது மறுபடி வரும். உதாரணத்துக்கு, நிஜமாகவே சிங்கிள் ஓனராக இருந்தால் சந்தையில் 5,20,000 போகும் வண்டி, நாலாவது ஓனராக 4,50,000 என்று வைத்துக்கொள்வோம். ஷரத்து மீறல் என்றால் வாக்குப்படி இருந்திருக்க வேண்டிய மதிப்புக்கும் இருப்பதற்கும் வித்தியாசம், 70,000. மோசடிக்கான நஷ்ட ஈடு என்றால் கொடுத்த விலைக்கும் உண்மை மதிப்புக்கும் வித்தியாசம், 30,000. மலிவாக வாங்கியவருக்கு ஷரத்து லாபம். அதிக விலை கொடுத்து ஏமாந்தவருக்குத் தலைகீழ்.

மன்றம்: மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை அங்கேதான், இரண்டு வருஷத்துக்குள். விற்றது கடை என்பதால் முடியும். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் சிவில் கோர்ட்தான்.

கெடு | 8 பிப்ரவரி, இரவு 7.20

பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் "புகார்களுக்கு அதிகபட்சப் பொறுப்பு ரூ.2,000" என்று இருக்குமே?

ஷரத்துப்பூச்சி | 8 பிப்ரவரி, இரவு 8.00

பணம் கட்டிய பிறகு கையில் கொடுத்த பில் என்றால் பெரும்பாலும் செல்லாது. ஒப்பந்தம் முடிந்த பிறகு ஷரத்து சேர்க்க முடியாது. முன்னாடியே கொடுத்திருந்தாலும் வரம்பு உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் லில்லி ஒயிட் எதிர் முனுசாமி: புதுப் புடவையைத் தொலைத்த லாண்டரி, ரசீதில் அச்சடித்தபடி மதிப்பில் 15 சதவீதம்தான் தருவேன் என்றது. அதை விட்டால் லாண்டரிக்காரர் 15 சதவீதம் கொடுத்துப் புடவையை எடுத்துக்கொள்ளலாமே என்று சொல்லி, பொது நலனுக்கு விரோதம் என்று தள்ளிவிட்டது.

வண்டிக்காரன் | 21 பிப்ரவரி, மாலை 5.40

நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. கடையிலிருந்து போன், கொஞ்ச நேரத்தில் ஜிபேயில் 10,000 வந்தது. குறிப்பில் "முழு செட்டில்மென்ட்" என்று போட்டிருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டுமா, மீதியைப் பிறகு கேட்கலாமா?

ஷரத்துப்பூச்சி | 21 பிப்ரவரி, மாலை 5.52

இன்றே திருப்பி அனுப்புங்கள், "முழுத் தீர்வாக ஏற்கவில்லை" என்ற குறிப்போடு. ஒப்பந்தச் சட்டம் 63: வர வேண்டியதைவிடக் குறைவான தொகையை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டால் மீதிக் கடன் தீர்ந்துவிடும், அதற்குப் பிரதிபலன் (பதிலுக்கு ஏதாவது தருவது) கூடத் தேவையில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டீர்கள் என்பார்கள். அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டை நோட்டீஸ் நகலோடு சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போடுங்கள், நீல டிக் வரும் வரை காத்திருந்து அதையும் படம் பிடியுங்கள்.